டேங்க் உங்களுடையது, சாதனை எங்களுடையது

பெட்ரோல் காரில் டீசலை ஊற்றிவிட்ட பங்க் பையனுக்கு இந்த நாட்டில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். முதலில் கன்னத்தில் ஒன்று விழும். பிறகு ஓனர் வருவார். வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்த அவர் பங்குக்கு இன்னொன்று. டேங்கை இறக்கி, லைனைச் சுத்தம் செய்து, ஃபில்டர் மாற்றிய செலவு அவன் சம்பளத்தில் தவணை தவணையாகப் பிடிக்கப்படும். கூட்டத்தில் யாராவது செல்போனில் படம் பிடித்திருப்பார்கள். சாயங்காலத்துக்குள் அவன் முகம் ஊருக்கே பாடமாகிவிடும்.

அவன் செய்தது தப்புதான், அதில் சந்தேகமில்லை. டீசல் எஞ்சினில் பொறி கொடுக்கும் பிளக் கிடையாது; காற்றை இறுக்கிச் சூடாக்கி அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைக்கிற ஜாதி அது. பெட்ரோல் எஞ்சின் பொறியை நம்பி ஓடுவது. டீசல் வண்டியில் பெட்ரோல் போனால் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் இருக்க வேண்டிய வழுவழுப்பு போய், இரும்பும் இரும்பும் நேராக உரசும். பெட்ரோல் வண்டியில் டீசல் போனால் பிளக்கில் கரி ஏறி, புகையைக் கக்கிவிட்டு வண்டி படுத்துவிடும். இரண்டுக்கும் மெக்கானிக் போனில் சொல்லும் முதலுதவி ஒன்றுதான்: சாவியைத் திருப்பாதீங்க, தள்ளிக்கிட்டு வாங்க.

இது ஒரு வண்டியில் ஊற்றியவனின் கதை. ஒத்துவராத எரிபொருளை ஒரு வண்டியில் அல்ல, நாட்டில் ஓடும் பழைய பெட்ரோல் வண்டிகள் அத்தனையிலும் ஊற்றினால்? அப்போது மேடை கிடைக்கும். 2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூரில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைப் பிரதமரே அறிமுகம் செய்தார். முதலில் 84 பங்க்குகள். பிறகு பேச்சே இல்லாமல் ஊரெங்கும். 2018இல் போட்ட கொள்கைப்படி 2030இல் எட்ட வேண்டிய இலக்கை 2025லேயே எட்டிவிட்டோம், ஐந்து வருடம் முந்திவிட்டோம் என்று அமைச்சர்கள் மார் தட்டினார்கள். பங்க் பையன் பாவம், ஒரே ஒரு காரோடு நிறுத்திக்கொண்டான். கொஞ்சம் பெரிதாக யோசித்திருந்தால் அவனுக்கும் சால்வை போர்த்தியிருப்பார்கள்.

எத்தனால் விஷமில்லை என்பதை முதலில் சொல்லிவிடுவோம். இல்லையென்றால் எண்ணெய்க் கம்பெனியிடம் பணம் வாங்கியவன் என்று பட்டம் கட்டிவிடுவார்கள். கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் அரிசியிலிருந்தும் காய்ச்சி எடுக்கிற சாராயம்தான் அது. அதற்கென்று செய்த எஞ்சினில் அது நன்றாகவே எரியும். ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பழைய ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் ஊற வைக்கும், உப்ப வைக்கும். இதெல்லாம் எதிர்க்கட்சி கண்டுபிடித்த ரகசியமில்லை. பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படிக்கிற மாணவனுக்குத் தெரிந்தது.

அரசுக்கும் தெரியும். அதுதான் ஆத்திரத்தைக் கிளப்புகிறது. 2021 ஜூன் 5 அன்று வெளியான நிதி ஆயோக் குழுவின் அறிக்கையைப் புரட்டிப் பாருங்கள். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து 10 சதவீதத்துக்கு ட்யூன் செய்த கார்களில் 20 சதவீதக் கலவையை ஊற்றினால் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும், இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதம் குறையும் என்று அதிலேயே அச்சிட்டிருக்கிறது. பழைய வண்டிகளுக்காக 10 சதவீதக் கலவையைப் பாதுகாப்பு எரிபொருளாகத் தொடர்ந்து கொடுக்க வேண்டும் என்றிருக்கிறது. சக்தி குறைவதற்கு ஈடாக, கலவை கூடிய பெட்ரோலின் சில்லறை விலையைக் குறைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. புது வண்டிகளை 2023 ஏப்ரலிலிருந்து இந்தக் கலவையைத் தாங்கும் பாகங்களோடும், 2025 ஏப்ரலிலிருந்து இதற்கே ட்யூன் செய்த எஞ்சினோடும் செய்ய வேண்டும் என்று கால அட்டவணையும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். மனசாட்சியோடு எழுதிய அறிக்கை. அதிலிருந்து சதவீதத்தையும் தேதியையும் மட்டும் பிய்த்தெடுத்துக்கொண்டு, மிச்சத்தைச் சமோசா மடிக்கக் கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

விளைவு என்ன? 2022இல் ஏழு வருடக் கடனில் கார் வாங்கியவருக்கு 2029 வரை தவணை ஓடும். ஆனால் அவர் கார் இப்போதே 'பழைய வண்டி'. வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் 10 சதவீதம் வரை என்று போட்டிருக்கும். பங்க்கில் வருவதோ 20. கம்பெனி சொன்ன பெட்ரோலை ஊற்றுங்கள் என்று புத்தகம் சொல்கிறது. அப்படி ஒரு பெட்ரோலே ஊரில் கிடையாது என்று பங்க் சொல்கிறது. நடுவில் நிற்பவர் மாதா மாதம் ஐந்தாம் தேதி தவணை கட்டுகிறார்.

இதைக் கேட்டபோது வந்த பதில்கள் தனி ரகம். உலகத்தில் எங்காவது இந்தக் கலவையால் கெட்டுப்போன ஒரே ஒரு வண்டியைக் காட்டுங்கள் என்று 2025 ஆகஸ்டில் சாலைப் போக்குவரத்து அமைச்சர் சவால் விட்டார். அதே மாதத்தில் பெட்ரோலிய அமைச்சகம் வெளியிட்ட விளக்கத்தில், சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டையும் மாற்ற வேண்டியிருக்கலாம், அது மலிவானது, சர்வீஸின்போதே முடிந்துவிடும் என்று எழுதியிருந்தார்கள். ஒருவர் நோயே இல்லை என்கிறார். இன்னொருவர் மருந்துச் சீட்டு எழுதிக் கொடுக்கிறார். இருவரும் ஒரே அமைச்சரவையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மலிவானதாம். யாருக்கு மலிவு? ஒரு நாளைக்கு முந்நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டுச் சாப்பாட்டுப் பொட்டலம் சுமக்கும் பையனுக்கு மைலேஜில் 3 சதவீதம் என்றால் தினம் ஒன்பது ரூபாய். மாதத்துக்கு இருநூற்றைம்பது ரூபாய் பக்கம். அதோடு டியூப், வாஷர், கூலி, அன்றைக்கு ஓடாமல் போன ஆர்டர்கள். டெல்லியில் ஃபைல் கட்டுகிறவருக்கு இது கணக்கில் வராத சில்லறை. இவனுக்கு இது தங்கச்சியின் நோட்டுப் புத்தகம்.

விழுப்புரம் பைபாஸ் ஓரத்தில், தகரக் கொட்டகை போட்ட ஒரு மெக்கானிக் கடையில் நடந்தது இது. பன்னிரண்டு வருடத்து நூறு சிசி வண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு ஒரு காய்கறி வியாபாரி வந்தார். மழைக்கு இரண்டு வாரம் வாசலிலேயே நின்ற வண்டி. உதைத்து உதைத்துக் கால் வீங்கியதுதான் மிச்சம். மெக்கானிக் டியூபைப் பிடுங்கி, டேங்கில் இருந்ததை ஒரு காலி வாட்டர் பாட்டிலில் பிடித்து வெயிலில் தூக்கிக் காட்டினார். மேலே ஆரஞ்சு நிறத்தில் பெட்ரோல். கீழே இரண்டு விரல் உயரத்துக்குக் கலங்கலாக வேறு ஏதோ. கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் வெள்ளையும் பழுப்புமாக ஒரு பிசின். ஜெட் ஓட்டை அடைத்துக் கிடந்தது.

"பெட்ரோல்ல தண்ணி கலந்துட்டானுங்களா தம்பி?" என்றார் வியாபாரி.

"பங்க்காரனை மட்டும் சொல்லாதீங்கண்ணே. உங்க டேங்க் மூடி வாஷர் போயிடுச்சு, மழைத் தண்ணி இறங்கியிருக்கு. முன்னாடின்னா தண்ணி தனியா அடியில நிக்கும், இறக்கி ஊத்திட்டாப் போதும். இப்ப பெட்ரோல்ல கலந்திருக்கிற சரக்கும் தண்ணியோட கூட்டுச் சேர்ந்து கீழ இறங்கிடுது."

"அப்ப இனிமே வேற பங்க்ல போடட்டுமா?"

"எந்த பங்க்லண்ணே போடுவீங்க? எல்லாத்துலயும் அதேதான்."

இவ்வளவு நேர்மையாக ஒரு அமைச்சகமும் விளக்கவில்லை. எல்லாப் பழியையும் எத்தனால் தலையில் கட்டாமல், வாஷரையும் மழையையும் அதனதன் இடத்தில் வைத்துப் பேசினார் அந்த மெக்கானிக். அரசாங்கம் பேசிய விதமோ வேறு. மழைக்காலத்தில் சில பங்க்குகளில் ஒட்டும் நோட்டீஸைப் படித்திருப்பீர்கள்: எத்தனால் கலந்த பெட்ரோல் விற்கப்படுகிறது, டேங்கில் தண்ணீர் புகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. கலந்தது அவர்கள். ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது நாம். ஐப்பசி கார்த்திகையில் வண்டியைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள் என்றுதான் இன்னும் எழுதவில்லை.

வாரண்டி விஷயத்திலும் ஒரு நாடகம் நடந்தது. கலவையை ஊற்றினாலும் வாரண்டியை மதிப்போம் என்று வண்டிக் கம்பெனிகளின் சங்கம் 2025 ஆகஸ்ட் கடைசியில் அறிவித்தது. கைதட்டினார்கள். இந்தக் கலவையால் அதிகம் அவதிப்படக்கூடியது எது? எட்டு, பத்து, பன்னிரண்டு வருடத்து வண்டி. அதன் வாரண்டி எப்போது முடிந்தது? பிள்ளை பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன்னாலேயே முடிந்தது. இல்லாத வாரண்டியை மதிப்பதற்கு எவ்வளவு பெருந்தன்மை வேண்டும்!

சரி, விலையையாவது குறைத்தார்களா? குழு சொன்னதே, ஏன் குறைக்கவில்லை என்று கேட்டதற்கு அமைச்சகம் தந்த பதிலைப் பொன்னெழுத்தில் பொறிக்கலாம். அறிக்கை எழுதியபோது எத்தனால் மலிவாக இருந்ததாம், இப்போது விலை ஏறிவிட்டதாம். 2025 ஜூலை கணக்கில் சராசரிக் கொள்முதல் விலை, வண்டிச் சத்தமும் வரியும் சேர்த்து, லிட்டருக்கு 71 ரூபாய் 32 காசு. சுத்திகரித்த பெட்ரோலின் அடக்க விலையைவிட இது அதிகம் என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஆக, சக்தி குறைந்த சரக்கைக் கூடுதல் விலைக்கு வாங்கி, பெட்ரோல் என்ற பெயரில், லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் நம்மிடம் விற்கிறார்கள். டால்டாவை நெய் விலைக்கு விற்கும் கடைக்காரனைப் பார்த்திருக்கிறோம். டால்டாதான் நெய்யைவிட விலை அதிகம், நீங்கள் லாபத்தில் இருக்கிறீர்கள் என்று சொல்லும் கடைக்காரனை இப்போதுதான் பார்க்கிறோம்.

பதினோரு வருடத்தில் 1.44 லட்சம் கோடி ரூபாய் அந்நியச் செலாவணி மிச்சம் என்று ஒரு கணக்குச் சொல்கிறார்கள். மகிழ்ச்சி. அந்த மிச்சத்தில் ஒரு பைசா பங்க் மீட்டரில் இறங்கியதா? 2025 ஏப்ரலில் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை சரிந்தபோது கலால் வரியை இரண்டு ரூபாய் ஏற்றினார்களே தவிர, விலையைக் குறைக்கவில்லை. லாபம் வந்தால் தேசத்துக்கு. கேஸ்கெட் போனால் நமக்கு.

விவசாயியைக் கேடயமாகப் பிடிப்பது அடுத்தது. அன்னம் தந்தவர் இப்போது ஆற்றலும் தருகிறார் என்று அழகாகப் பேசுகிறார்கள். தஞ்சாவூர் மாவட்டம் திருமண்டங்குடியில் ஆலை வாசலில் 2022 நவம்பரில் உட்கார்ந்த கரும்பு விவசாயிகள், வெட்டி அனுப்பிய கரும்புக்கு வர வேண்டிய பாக்கிக்காக வருடக் கணக்கில் போராடினார்கள். அவர்கள் எந்த ஆற்றல் தந்தவர்கள் கணக்கில் வருகிறார்கள்? கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்க ஏறக்குறைய 2,860 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பதும் அதே நிதி ஆயோக் அறிக்கையின் கணக்குதான். காவிரிக்கு ஒவ்வொரு வருடமும் கையேந்தும் நாட்டில் தண்ணீரைக் காய்ச்சிப் புகையாக விடுவதற்குப் பெயர் பசுமை.

கரும்பு போதாதென்று மக்காச்சோளத்துக்குப் போனார்கள். நாமக்கல்லில் போய்க் கேளுங்கள். முட்டைக் கோழித் தீவனத்தில் பெரும்பங்கு மக்காச்சோளம்தான். அதன் விலை ஏறினால் பண்ணைக்காரர் தூக்கம் போகும். காலம் காலமாக மக்காச்சோளம் ஏற்றுமதி செய்த நாடு 2024இல் இறக்குமதி செய்யும் நாடாகிவிட்டது. எண்ணெய் இறக்குமதியைக் குறைக்க எத்தனால். எத்தனாலுக்கு மக்காச்சோளம் கொடுத்துவிட்டு, கோழிக்கு இறக்குமதி மக்காச்சோளம். இந்தச் சுற்றில் எங்கே தற்சார்பு இருக்கிறது என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். இந்திய உணவுக் கழகத்தின் கிடங்கிலிருந்து 2024-25இல் எத்தனால் ஆலைகளுக்கு ஒதுக்கிய அரிசி 52 லட்சம் டன். ரேஷன் கடை வரிசையில் நிற்பவர்களுக்கு இதை யாராவது நிதானமாகச் சொல்லிப் புரியவைக்கட்டும்.

உடனே பிரேசிலைப் பாருங்கள் என்பார்கள். பார்ப்போமே. பிரேசில் இந்த வேலையை 1975இல் தொடங்கியது. எந்தக் கலவையையும் தாங்கும் கார்கள் அங்கே 2003 முதல் விற்பனையில் இருக்கின்றன. முக்கியமாக, அங்கே பங்க்கில் எத்தனால் தனிக் குழாயில், தனி விலையில் வருகிறது. எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குள் இருந்தால் அதைப் போடுவார்கள், இல்லையென்றால் பெட்ரோலைப் போடுவார்கள். கணக்குப் பார்ப்பது வாடிக்கையாளர். பிரிட்டனில் 2021 செப்டம்பரில் வெறும் 10 சதவீதக் கலவையைக் கொண்டுவந்தபோதே, உங்கள் வண்டிக்கு ஒத்துவருமா என்று பார்க்க அரசே இணையத்தில் வசதி செய்து கொடுத்தது; பழைய வண்டிகளுக்கு 5 சதவீதக் கலவையை உயர் ரகப் பெட்ரோலில் தொடர்ந்து வைத்தது. ஐரோப்பாவில் குழாயிலும் வண்டி மூடியிலும் ஒரே மாதிரி ஸ்டிக்கர். இந்த ஊர்களிலிருந்தெல்லாம் நாம் கற்றுக்கொண்டது சதவீதத்தை மட்டும்.

நம் ஊரிலும் எத்தனால் இல்லாத பெட்ரோல் இருக்கிறது, பயப்படாதீர்கள். நூறு ஆக்டேன் பெட்ரோல் என்று சில பெரிய நகரப் பங்க்குகளில் விற்கிறார்கள், எட்டாத விலையில். சுத்தமான எரிபொருள் சொகுசுக் காருக்கு. காய்கறி மூட்டை கட்டிய வண்டிக்குக் கலவை. எந்த வண்டிக்கு எது தேவை என்பதை எஞ்சின் முடிவு செய்வதில்லை, பர்ஸ் முடிவு செய்கிறது.

ஆக்டேன் என்றதும் நினைவுக்கு வருகிறது. எத்தனாலுக்கு ஆக்டேன் எண் அதிகம், அதனால் வண்டி இன்னும் சுறுசுறுப்பாக ஓடும் என்றும் விளக்கம் கொடுத்தார்கள். அந்தச் சுறுசுறுப்பு வேண்டுமானால் எஞ்சினைக் கூடுதல் அழுத்தத்துக்கு வடிவமைத்திருக்க வேண்டும். பத்திரிகைக் குறிப்பு வாசித்துக் காட்டினால் பன்னிரண்டு வருடத்து சிலிண்டரில் கம்ப்ரஷன் ஏறிவிடாது.

பெட்ரோலில் கலப்படம் செய்தால் இந்த நாட்டில் குற்றம். அதைத் தடுக்கப் போய் உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள். 2005 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் பங்க் ஒன்றின் தில்லுமுல்லை விடாமல் பிடித்த இந்தியன் ஆயில் அதிகாரி மஞ்சுநாத்தைச் சுட்டுக் கொன்றார்கள். 2011 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் மன்மாட் அருகே, கலப்படக்காரர்களைப் படம் பிடித்த கூடுதல் ஆட்சியர் யஷ்வந்த் சோனாவணேயை உயிரோடு எரித்தார்கள். எத்தனால் மண்ணெண்ணெய் இல்லை. அமைச்சகத்தை அந்தக் கொலைகாரர்களோடு ஒரு தட்டில் வைக்கவும் இல்லை. ஆனால் அந்த இருவரும் எதற்காகச் செத்தார்கள்? காசு கொடுத்தவன் கேட்டது எதுவோ அதுதான் குழாயில் வர வேண்டும் என்பதற்காக. அந்தச் சின்ன நியாயத்தை அரசாங்கமே சட்டபூர்வமாகக் கைகழுவிவிட்டது.

இப்போதும் பங்க்கில் வண்டியை நிறுத்தினால் பையன் மரியாதையாகச் சொல்வான்: "ஜீரோ பாத்துக்குங்க சார்." ஃபில்டர் பேப்பர் கேட்டால் கொடுக்க வேண்டும், ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் கறை இல்லாமல் காய்ந்துவிடும், கலப்படமில்லை என்று நாமும் நம்பிக்கொள்ளலாம். எத்தனால் அந்தச் சோதனையில் கறை வைக்காது. அளவு சரி, பேப்பர் சரி. உள்ளே ஐந்தில் ஒரு பங்கு பெட்ரோலே இல்லை என்பதைச் சொல்லத்தான் பெரும்பாலான பங்க்குகளில் ஒரு வரி கிடையாது.

குழாயில் சதவீதத்தை எழுதுங்கள், எத்தனால் இல்லாத பெட்ரோலையும் தேர்ந்தெடுக்க விடுங்கள் என்று ஒருவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். இதன் பின்னால் பெரிய லாபி இருக்கிறது என்று அரசுத் தரப்பு வாதாடியது. 2025 செப்டம்பர் 1 அன்று மனு தள்ளுபடி ஆனது. அதே மாதத்தில், சமூக வலைத்தளப் பேச்செல்லாம் தன்னைக் குறிவைத்துக் காசு கொடுத்து நடத்தும் பிரசாரம் என்றார் சாலைப் போக்குவரத்து அமைச்சர். வண்டி இழுக்கவில்லையே என்று டீக்கடையில் புலம்பியவர்களே, உங்களுக்குச் சேர வேண்டிய தொகையை யார் வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

டீசல் வண்டிக்காரர்கள் ரொம்பவும் சிரிக்க வேண்டாம். டீசலில் எத்தனால் சரிவரவில்லை, ஐசோபியூட்டனால் கலந்து சோதித்துக்கொண்டிருக்கிறோம் என்று அமைச்சரே சொல்லியாயிற்று. பெட்ரோலில் 20க்கு மேல் போவதைப் பற்றியும் பேச்சு அடிபடுகிறது. அடுத்த விழாவுக்கு மேடை போட ஆரம்பித்துவிட்டார்கள்.

எத்தனாலே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு குழாயிலும் எத்தனை சதவீதம் என்று தமிழில், கண்ணுக்குத் தெரியும் அளவில் எழுதுங்கள். 2023க்கு முந்தைய வண்டிகளுக்கு 10 சதவீதக் கலவையை அதே பங்க்கில் கொடுங்கள். சக்தி குறைந்த அளவுக்கு விலையைக் குறையுங்கள். இதற்குப் புதுக் குழு வேண்டாம், வெளிநாட்டுப் பயணம் வேண்டாம். விலையையும் பழைய வண்டியையும் பற்றி உங்கள் குழுவே 2021இல் எழுதிக் கொடுத்துவிட்டது. அந்த அறிக்கையைத் தேடி எடுத்து, இந்தத் தடவை முழுவதுமாகப் படித்தால் போதும்.